எதிராக ஒரு கை

மனிதர்களில் ஆலோசனைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. இவரைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் போக வேண்டாம். எங்கே நான்கு தமிழர்கள் நான்கு மடக்கு நாற்காலிகளை விரித்து, நடுவில் ஒரு சமோசாத் தட்டை வைத்து, “சரி, ஆரம்பிக்கலாமா?” என்கிறார்களோ அங்கே ஐந்தாவது நாற்காலியில் இவர் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார். நியூஜெர்சியில், தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு மேடைத் திரை நீலமா பச்சையா என்று பேசும் இடத்தில் இருப்பார். சன்னிவேலில், சர்க்கரைப் பொங்கலை யார் வீட்டிலாவது வைப்பதா, எல் கமினோ ரியல் சாலையில் இருக்கும் கடையில் சொல்லிவிடுவதா என்று மூன்றாவது வாரமாகக் கூடும் கூட்டத்தில் இருப்பார். இர்விங்கில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் நிர்வாகக் குழுவில் பதினொரு பேர். அதிலும் இருக்கிறார்.

இவரை முடிவுகளுக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். முடிவின் மேல் இவருக்கு அளவுகடந்த மரியாதை. மரியாதை மிகுதியால்தான் அதன் பக்கத்தில் போகக் கூச்சப்படுகிறார்.

அடையாளங்கள் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒரு காரியம் சொன்னதும் இவர் சொல்லும் முதல் வாக்கியம், “நல்ல யோசனை.” இதைக் கேட்டு மகிழ்ந்து சமோசாவை எடுக்கப் போனவர்கள் உண்டு. அவசரப்படக் கூடாது. இரண்டாவது வாக்கியம், “ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?” மூன்றாவது வாக்கியம் ஆளுக்கு ஆள் மாறும். சிலர் தங்கள் கம்பெனியில் எப்படிச் செய்கிறார்கள் என்பார்கள். சிலர் ஊரில் எப்படிச் செய்தார்கள் என்பார்கள். எங்கள் பிலிப் இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஏதென்ஸில் எப்படிச் செய்தார்கள் என்பார்.

பிலிப்பைப் பற்றி நான் தவறாகச் சொல்லிவிடக் கூடாது. பாளையங்கோட்டையில் பி.ஏ. வரலாறு படித்தார், வேலை கிடைக்க வேண்டுமே என்று எம்.சி.ஏ. படித்தார், லாஸ் கொலினாஸில் ஒரு பெரிய அலுவலகத்தில் பதினெட்டு வருஷமாக டேட்டாபேஸ்களைப் பார்த்துக்கொள்கிறார். டேட்டாபேஸிடம் வரலாறு பேச முடியாது. ஆறு நாளும் அடக்கிவைத்ததை ஞாயிற்றுக்கிழமை எங்களிடம் கொண்டுவருவார். நல்ல மனிதர். புதிதாக வந்து அப்பார்ட்மென்டில் இறங்கும் பையன்களை மளிகைக்கடைக்கு, வங்கிக்கு, லைசென்ஸ் எடுக்க என்று தன் காரில் கொண்டுபோய்க் காட்டுவார். என் மனைவி ஜெயலீலாவை, நான் ஊரில் இல்லாதபோது, பதினோரு முறை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருக்கிறார். முடிவெடுக்கத் தேவையில்லாத காரியங்களில் அவரைப் போல வேகமானவர் கிடையாது.

எங்கள் ஆலயத்துக்கு மூன்று படிகள்.

முன்வாசலுக்கும் மூன்று, பக்கவாசலுக்கும் மூன்று. வேறு யாரோ கட்டி, வேறு யாரோ விற்று, எங்களிடம் வந்த கட்டடம். ஜனவரியிலிருந்து ஜெயலீலா சக்கர நாற்காலியில் இருந்தாள். கால்கள் முதலில் மெதுவாகவும் பிறகு சீக்கிரமாகவும் அவளை விட்டுப் போயின. பிப்ரவரியில் அவள் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினாள். பக்கவாசலில் ஒரு சாய்தளம் போட்டுத் தந்தால் ஆராதனைக்கு உள்ளே வந்து உட்காருவேன், இப்படிக்கு. அவ்வளவுதான். வீடுகளுக்கு மரத்தளம் போடும் தொழில் செய்யும் ஞானதுரை எங்கள் சபைக்காரர். மரம் அவரிடமே இருக்கிறது, ரம்பமும் இருக்கிறது, ஒரு சனிக்கிழமை போதும் என்று கூட்டத்திலேயே சொன்னார்.

“நல்ல யோசனை” என்றார் பிலிப்.

பிறகு முறையைப் பற்றிச் சொன்னார். ஏதென்ஸில் ஐந்நூறு பேர் கொண்ட ஆலோசனை மன்றம் ஒன்று இருந்ததாம். பத்துக் குலங்கள், குலத்துக்கு ஐம்பது பேர், சீட்டுக் குலுக்கி எடுப்பார்கள். அந்த ஐந்நூறு பேரும்கூடத் தாங்களாக எல்லாவற்றையும் முடித்துவிட மாட்டார்கள், விஷயத்தைத் தயார்செய்து மலைமேல் கூடும் ஊர்ச்சபைக்கு முன்னால் வைப்பார்கள். நாம் பதினொரு பேர் எந்த மூலைக்கு? சபையாரைக் கேட்க வேண்டாமா? கேட்கத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது. பிலிப் பேசினால் அப்படித் தோன்றும். எல்லாக் குடும்பத்துக்கும் ஒரு கேள்விப் படிவம் அனுப்பினோம்.

மார்ச்சில் படிவங்கள் வந்தன. எழுபத்திரண்டு குடும்பங்களில் நாற்பத்தொன்று பதில் எழுதியிருந்தன. நாற்பத்தொன்றும் சம்மதம். பிலிப்புக்கு மீதி முப்பத்தொரு குடும்பங்களைப் பற்றிக் கவலை. ஏதென்ஸில் சந்தையில் சும்மா நின்று பேசிக்கொண்டிருப்பவர்களைச் சிவப்புச் சாயத்தில் தோய்த்த கயிற்றைப் பிடித்துச் சபைக்கு ஓட்டிக்கொண்டு போவார்களாம். சாயம் பட்டவனுக்கு அபராதம். அதற்காக நாமும் கயிறு பிடிக்க வேண்டும் என்று தான் சொல்லவில்லை என்றார் பிலிப். ஒரு நினைவூட்டல் அனுப்பலாம் என்றார். குழுவிலேயே இளையவளான ஆஷ்லி, ஒரு மருத்துவமனையில் பார்மசிஸ்ட், எங்கள் கூட்டக் குறிப்புகளை எழுதுபவள். அந்த மாதக் குறிப்பில் அவள் ஆங்கிலத்தில் ‘கயிறு வேண்டாம், மின்னஞ்சல் போதும்’ என்று எழுதினாள். அது இன்னும் இருக்கிறது.

இதற்குள் ஜெயலீலா என்ன செய்தாள் என்று கேட்பீர்கள். காரில் உட்கார்ந்திருந்தாள். பக்கவாசலை ஒட்டி நிறுத்தி, ஏசி ஓட, போனில் ஆராதனையைப் பார்த்தாள். இருபதடி தூரத்தில் நடப்பதைப் போனில் பார்ப்பதில் ஒரு சௌகரியம், பிரசங்கம் நீளும்போது சத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்பாள். ஆராதனை முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துவிட்டுப் போவார்கள். டிரைவ்-த்ரூ ஐக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள். இளைஞர்கள் நான்கு பேர் வந்து, ஆன்ட்டி, நாற்காலியோடு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறோம், ஒரு நிமிஷம் என்றார்கள். அவள் சிரித்தாள்.

“நாலு பேர் என்னைத் தூக்கிட்டு உள்ளே போறது ஒரு தடவை நடந்தா போதும்ப்பா. அதுக்கு இப்ப என்ன அவசரம்?”

பையன்களுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும் போய்விட்டார்கள்.

ஏப்ரலில் நாங்கள் ஏதென்ஸிலிருந்து எருசலேமுக்கு இடம்பெயர்ந்தோம். எருசலேமின் பெரிய ஆலோசனைச் சங்கத்தில் எழுபத்தொரு பேர் அரைவட்டமாக உட்காருவார்களாம், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. நாங்கள் அதுவரை மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முகங்கள் தெரிந்துகொண்டுதான் இருந்தன, ஆனால் அது முறைப்படி தெரியவில்லை. நாற்காலிகளை அரைவட்டமாகப் போட முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. போதகர் ஒரு கோடியில் அமர, மேஜை யாருக்கும் எட்டாமல் போக, சமோசாத் தட்டு அரைவட்டத்துக்கு வெளியே அனாதையாக நின்றது. இன்னொரு விதி, இளையவர் முதலில் பேச வேண்டும், பெரியவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் அவர்களுக்கு எதிராகப் பேசத் தயங்குவார்கள். அருமையான விதி. மறுப்பதற்கில்லை. எல்லோரும் ஆஷ்லியைப் பார்த்தார்கள்.

“அங்கிள், இட்ஸ் எ ராம்ப்” என்றாள் ஆஷ்லி. “ஜஸ்ட் பில்ட் இட்.”

அவள் பேச்சு ஆலோசனையாகக் குறித்துக்கொள்ளப்பட்டது. குறித்துக்கொண்டதும் அவள்தான். பிறகு வயது வரிசையில் பத்துப் பேரும் பேசினோம். நான் ஏழாவது. நானும் அரைவட்டம் நன்றாக இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தேன்.

மே மாதம் வாக்கெடுப்பு. போதகர் கேட்டார், பதினொரு கைகளும் எழுந்தன. பிலிப்பின் கை எல்லோருக்கும் முன்னால் எழுந்தது. ஞானதுரை எழுந்து அளவெடுக்கும் டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். அப்போதுதான் பிலிப் சுற்றிலும் பார்த்தார். அரைவட்டத்தால் வந்த வினை, எல்லாக் கைகளும் அவருக்குத் தெரிந்துவிட்டன.

“ஒரு நிமிஷம் பாஸ்டர். எல்லாரும் ஒரே பக்கம் கை தூக்கிட்டோம்.”

போதகர் ஸ்தோத்திரம் என்றார்.

“இல்லை பாஸ்டர், அதுதான் பிரச்சினை. அந்தச் சங்கத்துலே எல்லாரும் ஒரே தீர்ப்பு சொன்னா அந்தத் தீர்ப்பு செல்லாது. ஏன்னா மறுபக்கத்தை ஒருத்தனும் யோசிக்கலைன்னு அர்த்தம்.”

உண்மையிலேயே யூத மரபில் அப்படி ஒரு விதி சொல்லப்பட்டிருக்கிறது. அது குற்றவாளிக்கு மரண தண்டனை விதிக்கும் வழக்குகளுக்கானது என்பதை நான் பின்னால் தேடிப் படித்தேன். எல்லோரும் சேர்ந்து ‘இவன் சாக வேண்டும்’ என்றால் அவன் பிழைத்துக்கொள்வான். சாய்தளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எங்களில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பதினொரு கைகளும் ஒவ்வொன்றாக இறங்கின. மறுபக்கத்தை யோசித்துக்கொண்டு வர ஒரு மாதம் கொடுக்கப்பட்டது. ஞானதுரை டேப்பை உள்ளே விட்டார். அது ஒரு சத்தத்தோடு உள்ளே போனது.

ஒரு மாதம் நான் யோசித்தேன். சாய்தளத்துக்கு எதிராக என்ன இருக்கிறது? மழையில் வழுக்கலாம். பிள்ளைகள் சறுக்கி விளையாடலாம். இதற்கு மேல் கிடைக்கவில்லை. ஜூன் கூட்டத்தில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது யார் முகத்திலும் எதிர்ப்பு தென்படவில்லை. இன்னொரு மாதம் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. ஆகவே எதிர்ப்பவர்கள் உண்டா என்று போதகர் கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். நன்றாகவே தூக்கினேன். பத்துக்கு ஒன்று. இப்போது செல்லுமல்லவா?

பிலிப்பின் கண்கள் கலங்கிவிட்டன. இப்படி ஒரு தியாகத்தைத் தான் பார்த்ததில்லை என்றார். அதன் பிறகு தயங்கினார்.

“ஆனா அண்ணே, மன்னிச்சுக்கோங்க. சொந்தக்காரங்க தீர்ப்பு சொல்லக் கூடாது. அது அங்கே ரொம்பக் கண்டிப்பு.”

நான் கணவன். சொந்தம்தான். ஒப்புக்கொண்டேன். என் ஓட்டு தள்ளப்பட்டதும் மிச்சம் பத்து. பத்து இரட்டைப்படை, இரட்டைப்படையில் தீர்ப்பு மன்றம் அமையக் கூடாது. எனவே இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் சபையிலிருந்து ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். யாரைச் சேர்ப்பது என்று நாமே முடிவுசெய்தால் அது பாரபட்சம். ஆகவே மறுபடியும் ஏதென்ஸ்.

குறிப்புகள் அன்றே மின்னஞ்சலில் வந்துவிட்டன. ஆஷ்லி சுறுசுறுப்பானவள். நான் கார் ஓட்ட, ஜெயலீலா பக்கத்தில் உட்கார்ந்து போனில் படித்தாள். நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் சொன்னாள்:

“என்னங்க, எனக்கு எதிரா ஓட்டுப் போட்டிருக்கீங்க.”

“உனக்காகத்தான் போட்டேன்.”

“தெரியுது. முப்பத்தொரு வருஷத்துலே நீங்களா எடுத்த ஒரே முடிவு இது.” கொஞ்ச நேரம் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்தால் இருமல் வரும், வந்தது. அடங்கிய பிறகு, “உங்க பேரையே போட்டிருக்கா பாருங்க, ‘சைலஸ்: எதிர்ப்பு’ன்னு. பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ்லே ஒட்டணும்” என்றாள்.

ஒட்டினாள். அதாவது, ஒட்டச் சொன்னாள், நான் ஒட்டினேன்.

ஜூலையில் குலுக்கல். ஏதென்ஸில் அவரை விதைகளைப் பயன்படுத்தினார்கள் என்பதால் சமையலறையில் இருந்த காராமணியையும் ராஜ்மாவையும் கொண்டுவந்தோம். எழுபத்தொரு வெள்ளைக் காராமணி, ஒரு சிவப்பு ராஜ்மா. பெயர் ஒன்று, விதை ஒன்று என்று எடுத்துக்கொண்டே போக, எல்லோரும் குனிந்து பார்க்க, அறுபத்துநான்காவது பெயருக்கு ராஜ்மா வந்தது. அந்தக் குடும்பம் சான் ரமோனுக்கு வீடு மாறிப் போய் மூன்று வாரம் ஆகியிருந்தது. பட்டியலை யாரும் திருத்தவில்லை. ஊரில் இல்லாதவரைத் தேர்ந்தெடுத்தது செல்லுமா, அல்லது அவரை வீடியோவில் அழைக்கலாமா என்ற கேள்வி ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆகஸ்டில் கூட்டம் நடக்கவில்லை. அந்த மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை ஜெயலீலா இறந்துபோனாள்.

சனிக்கிழமை அடக்க ஆராதனை. பக்கவாசல் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். ஆறு பேர். மூன்று படிகள். யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று யாரும் கேட்கவில்லை, வயது வரிசை பார்க்கவில்லை, இரட்டைப்படையாக இருக்கிறதே என்று சொல்லவில்லை. முன்பக்கம் இடது கைப்பிடியில் பிலிப் இருந்தார். அவருக்கு முதுகுவலி உண்டு. அன்று அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பத்து வினாடியில் உள்ளே போய்விட்டார்கள்.

செப்டம்பர் கூட்டத்தில் அவள் நினைவாகச் சாய்தளம் அமைப்பது என்று போதகர் முன்மொழிந்தார். நாற்காலிகள் வழக்கம்போல் அரைவட்டமாகத்தான் இருந்தன, பழகிவிட்டது. கைகள் எழுந்தன. பத்து. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் தூக்கினேன். பதினொன்று. நான்தான் பேசினேன்.

“பிலிப், எல்லாரும் ஒரே பக்கம் தூக்கியிருக்கோம். செல்லாதே.”

“செல்லும் அண்ணே.”

“எப்படி?”

அவர் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அது மரண தண்டனை கேஸுக்கு மட்டும் உள்ள விதி.”

“முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். நல்ல விதி அண்ணே. எங்கேயாவது பயன்படுத்தணும்னு ஆசை.”

நான் அவர்மேல் கோபப்பட்டேனா என்று கேட்பீர்கள். படவில்லை. ஏன் என்பதற்கும் காரணம் உண்டு, வருகிறேன்.

ஞானதுரை அடுத்த சனிக்கிழமை சாய்தளத்தைப் போட்டு முடித்தார். நாலரை மணி நேரம். அதில் முதலில் ஏறியது டீக்கேன் வைத்த தள்ளுவண்டி. மழையில் வழுக்கவில்லை. பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிறார்கள், அந்த ஒரு பாயிண்டில் நான் யோசித்தது சரி.

இந்த வருஷம் சபையின் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதும் பொறுப்பை, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியிடம் கொடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்து வந்து எட்டு மாதம்தான் ஆகிறது, எங்களை யாரையும் முன்பின் தெரியாது. பழைய குறிப்புகள் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறார். போன ஞாயிறு என்னிடம் மரியாதையாக வந்தார்.

“அங்கிள், தப்பா நினைச்சுக்காதீங்க. ராம்ப் போட ஏழு மாசம் ஆகியிருக்கு. படிவத்துலே எல்லாரும் ஓகே. கமிட்டியிலே எல்லாரும் ஓகே. பிலிப் அங்கிள் ஒவ்வொரு தடவையும் முதல்லே கை தூக்கியிருக்கார். மொத்தத்துலே ஒரே ஒரு எதிர் ஓட்டுதான் இருக்கு. அது நீங்கதான் போலிருக்கு.”

“ஆமா தம்பி” என்றேன். “நான்தான்.”

அவர் ஏதோ விளக்கத்தை எதிர்பார்த்து நின்றார். நான் கொடுக்கவில்லை. அந்தக் குறிப்பு தவறு என்று சொல்வதற்கு எனக்கு வழியில்லை.

ஏனென்றால் பிப்ரவரியில், அந்த முதல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, ஞானதுரை வண்டிகள் நிறுத்துமிடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருடைய பிக்கப் வண்டியின் பின்னால் பலகைகள் ஏற்கெனவே கிடந்தன.

“அண்ணே, நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வர்ற சனிக்கிழமை போட்டுடறேன். போட்டப்புறம் யாரு வந்து பிடுங்கப் போறா?”

நான் அவர் தோளில் கை வைத்தேன். “நல்ல யோசனைதான் தம்பி” என்றேன். “ஆனா முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? கமிட்டியே முடிவு பண்ணட்டும்.”

ஜெயலீலா காரில் இருந்தாள். ஜன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது.

இதைப் படித்துக்கொண்டு வரும்போது உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும். உங்கள் சங்கத்திலோ சபையிலோ ஆபீஸிலோ இருக்கும் ஒருவர். அவரேதான் என்று சிரித்திருப்பீர்கள், இதை அவருக்கு அனுப்பிவைக்கலாமா என்றுகூட யோசித்திருப்பீர்கள். தாராளமாக அனுப்புங்கள். ஏழு மாதம் எனக்கும் ஒரே ஒரு முகம்தான் நினைவுக்கு வந்துகொண்டிருந்தது. அனுப்புவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது சமீபத்தில் உங்களிடம் சின்னதாக ஏதாவது கேட்டார்களா? பெரிய விஷயமாக இருக்காது, ஒரு சனிக்கிழமையில் முடிகிற காரியமாக இருக்கும். நினைவுபடுத்திப் பாருங்கள்.

நீங்கள் என்ன சொன்னீர்கள்? நல்ல யோசனை என்றா?